சொக்கப்பனைக்குப் பதில் சீரியல் பல்பா?



கொஞ்ச நாளாக நம் ஊர்ப் பிள்ளைகளிடம் ஒரு யோசனை ஓடுகிறது. கார்த்திகைக்குச் சொக்கப்பனை வேண்டாமாம். புகை, தீப்பொறி, ஆள் கிடைக்காத தொல்லை. ஜப்பானில் குளிர்காலத்தில் வைப்பதுபோல எல்.இ.டி. வளைவு வைத்தால், காமக்காபட்டி வழியாகக் கொடைக்கானல் ஏறுகிற வண்டிகள் நின்று போட்டோ எடுக்குமாம், கடைகளுக்கு வியாபாரமும் ஆகுமாம்.

ஜப்பானைக் காட்டிப் பேசுவதால் ஜப்பானையே எடுத்துக்கொள்வோம். கோபே நகரத்து விளக்கு அலங்காரம் உலகப் புகழ் பெற்றது. 1995 ஜனவரி 17 பூகம்பத்தில் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அவர்கள் நினைவாக அந்த டிசம்பரில் தொடங்கியது அது. அழுகை முதலில் வந்தது, கூட்டம் பிறகுதான் வந்தது.

கியோட்டோவில் ஆகஸ்ட் 16 இரவு, முன்னோரை வழியனுப்ப ஐந்து மலைகளில் விறகடுக்கித் தீ மூட்டுகிறார்கள். தீ தெரியட்டும் என்று ஊருக்குள் விளம்பர விளக்குகளை அணைக்கிறார்கள். 2020-இல் அதற்கு ஒரு வாரம் முன்பு யாரோ சிலர் மலையேறி, டார்ச் மாதிரி வெளிச்சத்தால் அதே எழுத்தைக் காட்டிவிட்டார்கள். விழாவைக் காத்துவரும் உள்ளூர்க்காரர்கள் கொதித்துப் போனார்கள். அது கொரோனா வருஷம். பெரிய எழுத்துக்கு 75 இடத்தில் மூட்டுகிற தீயை ஆறே இடத்தில் மூட்டினார்கள். குறைத்தார்களே தவிர, பல்புக்கு மாறவில்லை. காப்பி அடிப்பதென்றால் இதை அடியுங்கள்!

நம் கார்த்திகை விளக்கு அகநானூற்றிலேயே இருக்கிறது. சொக்கப்பனைக்கு ஒருவர் மரம் தருவார், ஒருவர் ஓலை தருவார், இளவட்டங்கள் கட்டுவார்கள், சாம்பலை எல்லோரும் வயலுக்கு எடுத்துப் போவார்கள். பனம்பூவைச் சுட்டுக் கரியாக்கி, இடித்து, துணியில் முடிந்து, மட்டைக்கு நடுவே வைத்துக் கட்டிச் சுற்றினால் மாவலி. இன்று எத்தனை பேரப்பிள்ளைகளுக்கு அது தெரியும்? எல்.இ.டி. வளைவுக்கு நம்மில் ஒருவர் கையும் வேண்டாம், பணம் மட்டும் போதும். வாடகைக்கு வந்த வெளிச்சம் மறுநாள் காலையில் வண்டியேறிப் போய்விடும்.

தீப்பயம் நியாயம்தான். கரண்ட் கம்பியும் கூரையும் இல்லாத பொட்டலில் கட்டுங்கள், தண்ணீர் லாரியை நிறுத்துங்கள். பனை நம் மாநில மரம், அதை வெட்டவே கூடாது. காய்ந்து விழுந்த ஓலையும் மட்டையும் போதும். நடுக்கம்பத்துக்கு மூங்கில் ஆகும்.

வியாபாரமா? மதுரை ஜவுளிக்கடை வாசலில் பார்த்த பல்பை இங்கே வந்து எவன் நின்று பார்ப்பான்? பக்கத்துத் தேவதானப்பட்டியில் மூங்கிலணை காமாட்சி கோயிலில் அடைத்த கதவுக்குத்தான் பூசை, நெய் விளக்குதான் வெளிச்சம். அதற்குத்தானே எங்கெங்கிருந்தோ ஜனம் வருகிறது!

வெளியூரில் இருப்பவர்கள் வளைவுக்கு அனுப்ப நினைத்த பணத்தில் உள்ளூர் வேளாரிடம் அகல் வாங்க ஏற்பாடு செய்யுங்கள். முடிந்தவர்கள் கார்த்திகைக்கு ஊருக்கே வாருங்கள். ஓலை கட்ட ஆள் வேண்டும்.