துப்பாக்கி ஏந்தியவரைக் கொண்டாடினோம், கேமரா ஏந்தியவரை?

ஐஎஸ் அமைப்பை எதிர்த்துப் போரிட்ட குர்துப் பெண்களின் படங்களை நாம் எல்லோரும் பகிர்ந்திருக்கிறோம். நானும்தான். துப்பாக்கி ஏந்திய பெண்ணைக் கொண்டாடிய நாம், கேமரா ஏந்திய பெண் கொல்லப்பட்டபோது என்ன செய்தோம் தோழர்களே?

2024 ஆகஸ்ட் 23 அன்று ஈராக்கின் சுலைமானியா பகுதியில் நடந்த ட்ரோன் தாக்குதலில் குலிஸ்தான் தாரா, ஹேரோ பஹாதீன் என்ற இரு பெண் ஊடகவியலாளர்கள் இறந்தார்கள். டிசம்பர் 19 அன்று வடக்கு சிரியாவின் திஷ்ரீன் அணைக்கு அருகே செய்தி சேகரித்த நாசிம் தாஷ்தான், ஜிஹான் பில்கின் இருவரும் அப்படியே கொல்லப்பட்டார்கள். பத்திரிகையாளர் அமைப்புகள் துருக்கியைக் குற்றம்சாட்டின. கண்டித்து இஸ்தான்புலில் கூடியவர்களில் ஏழு பத்திரிகையாளர்களைத் துருக்கி சிறைக்கு அனுப்பியது. துக்கமும் அங்கே குற்றம்.

'பயங்கரவாதி' என்ற ஒற்றைச் சொல் துருக்கி அரசுக்குப் போதும். 2022 ஜூனில் தியார்பகிரில் 16 குர்து ஊடகவியலாளர்களைச் சிறையில் அடைத்தார்கள். முதல் விசாரணை நடக்கவே 13 மாதங்கள் ஆயின. அதே நகரில் 1992இல் சுட்டுக்கொல்லப்பட்ட மூத்த எழுத்தாளர் மூசா அன்தெரின் வழக்கோ 30 ஆண்டுகள் இழுக்கப்பட்டு, 2022 செப்டம்பரில் காலாவதியானது. எழுதியவருக்கு உடனே சிறை, கொன்றவருக்குக் காலாவதி. இதுதான் அவர்களின் சட்டம்.

இதுவரை எல்லோரும் தலையாட்டுவோம். இனிமேல்தான் கசக்கும்.

ஈராக்கில் குர்துகளுக்கே ஒரு தன்னாட்சி அரசு இருக்கிறது. அதன் தலைநகரான எர்பிலில், பர்சானி ஆளும் குடும்பத்தைக் கிண்டல் செய்து எழுதிய 23 வயது மாணவப் பத்திரிகையாளர் சர்தஷ்த் உஸ்மான் 2010 மே மாதம் கடத்தப்பட்டார். மோசூலில் பிணமாகக் கிடைத்தார். தீவிரவாதிகள் கொன்றார்கள் என்றது அரசு விசாரணை. குடும்பம் அதை ஏற்கவில்லை. 2021இல் பத்திரிகையாளர் ஷெர்வான் ஷெர்வானிக்கு எர்பில் நீதிமன்றம் ஆறு ஆண்டு சிறைத்தண்டனை விதித்தது. தேசப் பாதுகாப்புக்கு ஆபத்து விளைவித்தாராம். அங்காராவின் மொழியை எர்பிலும் கற்றுக்கொண்டது.

'இப்போது இதைப் பேசினால் எதிரிக்குத்தான் லாபம்' என்பார்கள். இந்த வசனம் நமக்குப் புதிதா? இயக்கத்துக்குள் இருக்கும் ஆணாதிக்கத்தைத் தலித் பெண்கள் பேசும்போதெல்லாம் இதைச் சொல்லித்தானே வாயடைத்தார்கள்? 1920இல் அம்பேத்கர் 'மூக்நாயக்' தொடங்கியது, குரலற்றவர்களுக்கென்று ஒரு குரல் வேண்டும் என்பதற்காக. அந்தக் குரல் நம் தலைவர்களையும் கேள்வி கேட்கும். கேட்க வேண்டும்.

குர்து மக்களின் விடுதலையை ஆதரிக்கிறேன். அதனாலேயே, அந்த மக்களின் செய்தியாளர்களை யார் கொன்றாலும், யார் சிறையிலிட்டாலும், அவர்கள் பெயரைச் சொல்வேன். அங்காராவைக் கண்டித்துவிட்டு எர்பிலைக் கண்டும் காணாமல் போவது தோழமை அல்ல, கட்சி கட்டுவது.