சிறுத்தையும் சுருக்குக் கம்பியும்

2020ஆம் ஆண்டு மே 26ஆம் நாள், மஸ்கெலியா நல்லதண்ணியை அடுத்த லக்சபான தோட்டத்தில், மரக்கறிப் பாத்தி ஒன்றின் அருகே பன்றிக்கென இடப்பட்டிருந்த கம்பிச் சுருக்கில் கருஞ்சிறுத்தை ஒன்றின் கழுத்து சிக்கியது. வனசீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்தார் மயக்க ஊசி செலுத்தி அதனை மீட்டனர். உடவளவைக்குக் கொண்டுசென்று மருத்துவமும் செய்தனர். மே 29ஆம் நாள் அது மாண்டது. இலங்கையில் கருஞ்சிறுத்தை காண்பதற்கு அரிது என்பதால் நாடே அன்று வருந்தியது. அதே வகைக் கம்பியில் மலையகமெங்கும் ஆண்டுதோறும் மாளும் புள்ளிச் சிறுத்தைகளுக்கு அந்த வருத்தம் கிட்டுவதில்லை. நாளிதழின் உட்பக்கத்தில் நான்கு வரியோடு அவற்றின் கதை முடிந்துவிடுகிறது.

ஊவா மாகாணத்தின் பெருந்தோட்டங்கள் இவ்வகையில் மஸ்கெலியாவினின்றும் வேறுபட்டவை அல்ல. பண்டாரவளையிலிருந்து அப்புத்தளைக்குச் செல்லும் வழியில் நின்று நோக்கினால் நிலத்தின் அமைப்பே இதனை உணர்த்தும். மேற்கே ஓஹியவுக்கு அப்பால் ஹோர்ட்டன் சமவெளி. அங்கிருந்து இதல்கஸ்ஹின்ன, தங்கமலை வழியாக நீளும் காட்டுத்துண்டுகள். தெற்கே ஹல்துமுல்லை, கொஸ்லந்தை என வெல்லவாய நோக்கிச் சரியும் பள்ளங்கள். கிழக்கே பூணாகலை மலை. இவற்றிடையே கிடப்பது தேயிலை. காட்டிலிருந்து காட்டுக்குச் செல்லும் சிறுத்தைக்குத் தேயிலை மலையைக் கடப்பதன்றி வேறு வழியில்லை. ஓடைக்கரையும் டர்பன்டைன் மரத்தோப்பும் கவ்வாத்து வெட்டப்படாமல் கைவிடப்பட்டு மானாப்புல் மண்டிய பழைய மலைகளும் அதற்குப் பாதையாகவும் பகற்பொழுதுக்கு மறைவிடமாகவும் அமைகின்றன. அதே பாதையில்தான் பன்றியும் வருகிறது. பன்றி வரும் தடத்தில்தான் சுருக்கும் வைக்கப்படுகிறது.

அச்சுருக்கு எத்தகையது என்பதைக் கொழும்பிலிருந்து அறிக்கை எழுதுவோர் ஒருமுறை கையில் எடுத்துப் பார்த்தல் வேண்டும். பெரும்பாலும் மோட்டார் சைக்கிளின் பிரேக் கம்பி அல்லது கிளச் கம்பி. அவிழ்த்துப்போட்ட பழைய பொருள், விலையென்று ஏதுமில்லை. பன்றியின் தோள் உயரத்தில் தொங்கும் அவ்வளையத்துள் சிறுத்தையின் தலையும் முன்னங்கால்களும் எளிதில் நுழைந்துவிடும். பெரும்பாலும் ஒடுங்கிய இடுப்பில்தான் கம்பி நிற்கும். விலங்கு முன்னோக்கிப் பாயப் பாய வளையம் இறுகும். சில மணி நேரத்தில் கம்பி தோலுக்குள் புதைந்து மயிருக்கடியில் மறைந்துவிடும். வெளியிலிருந்து காண்போருக்குக் காயமே இல்லாததுபோல் தோன்றும். உள்ளே சிறுநீரகமும் குடலும் நசுங்கியிருக்கும். மருத்துவர் நெடுந்தொலைவு கடந்து வந்து சேர்ந்து, கம்பியை வெட்டி, உயிரோடு விடுவித்தாலும் பல சிறுத்தைகள் பின்னர் மாள்வதன் காரணம் இதுவே.

வேட்டை என்ற சொல்லுக்கு ஊவாவில் வேறொரு மரபும் உண்டு. பதுளையில் ஆங்கிலேய அரசின் அதிகாரியாக இருந்த மேஜர் தோமஸ் ரோஜர்ஸ் 1400 யானைகளுக்கு மேல் சுட்டு வீழ்த்தியவர் என்று பெயர் பெற்றவர். 1845 ஜூன் 7ஆம் நாள் அப்புத்தளையில் மின்னல் தாக்கி மாண்டார். அந்த மரபில் துப்பாக்கி துரையின் கையில் இருந்தது. தோல் பங்களாச் சுவரில் தொங்கியது. காடு அருகத் தொடங்கியபோது 1894இல் வேட்டை விலங்குப் பாதுகாப்புச் சங்கத்தைத் தொடங்கியவர்களுள் தோட்டத்துரைமாரும் வேட்டைக்காரருமே முன்னின்றனர். இதனை எள்ளி நகையாட நாம் விரும்பவில்லை. விலங்கு குறைந்து வருவதை முதலில் அறிந்தவரும் அவர்களே. அச்சங்கம் இன்றும் பெயர் மாறி நற்பணி ஆற்றி வருகிறது. தாவர, விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் 1937இல் வந்ததற்குப் பின்னால் அத்தகையோரின் முயற்சியும் உண்டு. எனினும், சுட்டுக் குவித்த காலத்தில் அது வீரம் எனப் போற்றப்பட்டதும், இன்று பன்றிக்குக் கம்பி வைத்த தோட்ட லயத்தில் குடியிருக்கும் மனிதன் கைவிலங்கிடப்பட்டு ஒளிப்படத்தில் நிறுத்தப்படுவதும் ஒரே மலையில் நிகழ்ந்தவை என்பதை வரலாறு அறிந்தோர் மறத்தலாகாது.

அந்த மனிதனின் நிலையையும் நடுநின்று நோக்குதல் கடமையாகும். 2024 செப்டம்பரில் தோட்டத் தொழிலாளரின் அடிப்படை நாட்சம்பளம் 1350 ரூபாயாக நிர்ணயிக்கப்பட்டது. அத்தகைய சம்பளத்தில் பிள்ளைகளை வளர்க்க இயலாதவன் லயத்தின் பின்புறத்துச் சரிவைக் கொத்திப் போஞ்சியும் உருளைக்கிழங்கும் லீக்ஸும் இடுகிறான். விதைக்கிழங்கும் உரமும் கடனில் வந்தவை. கிழங்கு முற்றும் பருவத்தில் ஓர் இரவு பன்றிக்கூட்டம் புகுந்தால் போதும். விடியலில் பாத்தி உழுதுபோட்டதுபோல் புரண்டு கிடக்கும், கடித்தெறிந்த கிழங்கில் ஈ மொய்க்கும். யாரிடம் முறையிடுவது? நிலம் அவனுடையதன்று. காணி உறுதி இல்லாதவனுக்கு இழப்பீட்டுப் படிவம் எட்டாக்கனி. தோட்ட நிருவாகமோ அப்பாத்தி இருப்பதையே கண்டும் காணாததுபோல் விட்டிருக்கிறது. இந்நிலையில் பழைய கம்பித்துண்டு ஒன்றே அவனுக்குக் கிட்டிய காவல். இறைச்சியை விற்பதற்கென்றே மலைமலையாகச் சுருக்கு வைத்துத் திரிவோரும் இருக்கின்றனர். சிறுத்தையின் பல்லுக்கும் நகத்துக்கும் தோலுக்கும் விலை பேசுவோரும் இருக்கின்றனர். அவர்கள்மீது நமக்கு இரக்கம் இல்லை. இவ்விரு சாராரையும் ஒரே குற்றக்கூண்டில் நிறுத்துவதையே நாம் ஏற்க மறுக்கிறோம்.

சட்டம் சிறுத்தைக்கு முழுப்பாதுகாப்பு அளிக்கிறது. காட்டுப்பன்றியோ அப்பாதுகாப்புக்கு வெளியே நிற்கிறது. ஆகவே சுருக்கு வைத்தவன் "பன்றிக்குத்தான் வைத்தேன்" என்கிறான். பெரும்பாலும் அது மெய்யாகவும் இருக்கிறது. ஆனால் பன்றியை மட்டும் பிடிக்கும் சுருக்கு உலகில் இல்லை. மரை, முள்ளம்பன்றி, மீன்பிடிப் பூனை, தொழிலாளியின் சொந்த நாய் என எதுவும் அதில் விழும். வைத்தவனின் நோக்கத்தை ஆராய்வதிலேயே வழக்குகள் தேய்ந்து போகின்றன. அதைவிடக் கொடிது, சிறுத்தை செத்த பிறகே சட்டம் தோட்டத்தின் வாயிலுக்கு வந்து சேர்வதாகும். அதுவரை அம்மலையில் எத்தனை கம்பிகள் தொங்கின என்று கேட்பார் எவருமில்லை.

பிற நாடுகள் இதனை எவ்வாறு கையாள்கின்றன என்பதும் நோக்கத்தக்கது. அமெரிக்காவில் பாப்கேட் என்னும் காட்டுப்பூனை தன் உரோமத்துக்காகப் பொறிவைத்துப் பிடிக்கப்படுகிறது. பல மாநிலங்களில் அது உரிமம் பெற்ற தொழில். அத்தொழில் நமக்கு உவப்பானதன்று. ஆயினும் அங்கேயே, பொறி வைத்தவன் நாள்தோறும் சென்று பார்த்தாக வேண்டும் என்ற விதி பல மாநிலங்களில் உண்டு. கலிபோர்னியா 2015இல் பாப்கேட்டுக்குப் பொறிவைப்பதையே நிறுத்திவிட்டது. 2019இல் அதன் வேட்டையையும் தடுக்கும் சட்டத்தை இயற்றியது. இலாபத்துக்காகக் கொல்வோருக்கே இத்தனை வரம்பு. இங்கோ வைத்தவனே மறந்துபோன கம்பி மழையிலும் வெயிலிலும் கிடந்து, அடுத்த ஆண்டு ஒரு தாய்ச்சிறுத்தையின் இடுப்பில் இறுகுகிறது.

இலங்கைத் தீவில் சிங்கமில்லை, வேங்கையில்லை. சிறுத்தையே காட்டின் தலைமை வேட்டையாளி. முழுவளர்ச்சி பெற்றவை 800க்கும் குறைவு என்பது 2020இல் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் வெளியிட்ட மதிப்பீடு. பன்றிக்குட்டியை இரையாக்கி அக்கூட்டத்தின் பெருக்கத்தைக் குறைக்கும் விலங்கும் அதுவே. சிறுத்தையை இழந்த மலையில் உருளைக்கிழங்குப் பாத்திக்கு வரும் துன்பம் குறையாது. இதனை லயத்து மக்களுக்கு எவரும் எடுத்துரைத்ததில்லை. அவர்கள் அறிந்ததெல்லாம் இரவில் நாயைத் தூக்கிச் செல்லும் சிறுத்தையையும், கொழுந்து மலையில் பெண்கள்மீது பாய்ந்த செய்தியையுமே. அந்த அச்சம் பொய்யன்று. தேயிலைச் செடிக்கிடையே படுத்திருக்கும் விலங்கின்மேல் தெரியாமல் கால்வைக்கப் போவது துரையல்லர், கொழுந்துக்கூடை சுமந்த பெண். கைவிடப்பட்ட மலைகளைத் துப்புரவாக்காமல், காலையில் முதலில் சத்தமிட்டுச் சென்று பார்க்க ஆள் வைக்காமல், அவளைச் சிறுத்தையோடு இணங்கி வாழச் சொல்வது நேர்மையாகாது.

ஆதலின் பொறுப்பு எங்கே தொடங்க வேண்டும் என்பதில் நமக்கு ஐயமில்லை. 1992 முதல் இத்தோட்டங்கள் பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பெனிகளின் நிருவாகத்தில் உள்ளன. எந்த மலையில் எத்தனை செடி, எந்தக் கொந்தரப்பில் எத்தனை கிலோ என்று நாள்தோறும் கணக்கெழுதும் நிருவாகத்துக்குத் தன் எல்லைக்குள் தொங்கும் கம்பியைக் காண இயலாது என்பதை ஏற்பதற்கில்லை. சுருக்கு அகப்பட்டால், வைத்தவன் யாரென்று தேடுவதற்கு முன், நிலத்தை நடத்துபவர் விடை கூறும் வண்ணம் விதி திருத்தப்பட வேண்டும். பாத்தி வைத்திருக்கும் குடும்பங்களின் பெயர்களைத் தோட்ட அலுவலகம் பதிந்து, கூட்டாக வேலியடைக்கக் கம்பியும் கட்டையும் வழங்க வேண்டும். பன்றி அழித்த பயிருக்குக் காணி உறுதி கேளாமல் இழப்பீடு தரும் முறையை ஊவா மாகாண நிருவாகம் வகுக்க வேண்டும். வனசீவராசிகள் திணைக்களம் விலங்கு மருத்துவர் ஒருவரைப் பண்டாரவளையை அண்டி அமர்த்துமாயின், கம்பி இறுகும் நேரத்துக்கும் அது வெட்டப்படும் நேரத்துக்கும் இடையிலுள்ள இடைவெளி பெரிதும் குறையும்.

ஆகஸ்ட் 1ஆம் நாள் இலங்கைச் சிறுத்தை நாளாகக் கடைப்பிடிக்கப்படுகிறது. தலைநகரில் அன்று ஒளிப்படக் கண்காட்சிகள் நடக்கட்டும். ஊவாவின் ஒவ்வொரு தோட்டத்திலும் அன்று காலை ஒரு கூட்டம் தொழிலாளர் ஓடைக்கரையும் மலையுச்சியும் நடந்து, கண்ட கம்பியையெல்லாம் அறுத்தெடுத்துக் கொண்டுவந்து அலுவலக முற்றத்தில் போடட்டும். எவர் வைத்தது என்ற கேள்வி அன்று ஒருநாள் எழாதிருக்கட்டும். நடந்தவர்களுக்கு அரைநாளுக்கான அரைப்பேர் அல்ல, முழுநாளுக்கான முழுப்பேர் போட்டுச் சம்பளத்தைத் தோட்டமே கொடுக்கட்டும்.