முதல் முட்டைக்கு முன் தவணை வேண்டா

சங்கத்தின் வழியாகக் கோழிக்குஞ்சு பெற்ற அங்கத்தினர்கள், நாம் கணக்குப் பார்க்கச் செல்லும் ஊர்களிலெல்லாம் ஒரே கேள்வியைக் கேட்கின்றனர். "ஐந்து மாதம் தீனி போட்டாயிற்று, ஒரு முட்டையைக்கூடக் காணோமே, ஐயா!" என்பதே அது. கேள்வி நியாயமானதே. ஆயினும் கோழியின்மேல் குற்றம் காண்பதற்கு முன், நமது கடன் பத்திரத்தை ஒருமுறை படித்துப் பார்ப்பது நலம் என்பது நம் அபிப்பிராயம்.

நாமக்கல் பண்ணைகளில் கூண்டில் வளரும் லெகார்ன் வழிக் கலப்பினக் கோழி, 18 முதல் 20 வாரங்களில் முட்டையிடத் தொடங்கி, ஆண்டுக்கு 300 முட்டைகளை எட்டுகிறது. அதற்கு அளந்து வைத்த தீவனம் உண்டு. மணி பார்த்து எரியும் விளக்கும் உண்டு. நம் புறக்கடையில் குப்பையைக் கிளறி மேயும் நாட்டுக்கோழியோ 24 முதல் 28 வாரங்கள் எடுத்துக்கொள்ளும். ஆண்டுக்கு 60 முதல் 80 முட்டைகளே அதன் அளவு. ஐதராபாத்தில் உருவாக்கப்பெற்ற வனராஜா, கிராமப்பிரியா முதலிய இனங்கள் முட்டையில் நாட்டுக்கோழியை மிஞ்சுவன. எனினும் வீட்டு வளர்ப்பில் அவையும் ஏறக்குறைய ஆறாம் மாதத்தில்தான் கூடு தேடும். ஆடியில் குஞ்சு வாங்கியவர்களுக்கு மார்கழியின் குறுகிய பகலால் இன்னும் சில நாட்கள் தள்ளிப்போகவும் கூடும்.

தை மாதத்தில் ஒருநாட் குஞ்சு வாங்கியவர் ஆடியில் முதல் முட்டையை எதிர்பார்க்கலாம். சங்கடம் பிறப்பதும் அங்கேதான். ஆடியில் அம்மன் கோயில்களில் விழா. நாட்டுக்கோழிக்குக் கிராக்கி மிகுதி. வியாபாரி வாசலுக்கே வந்து பெட்டையைக் கையில் தூக்கிப் பார்த்து விலை சொல்கிறார். சங்கத்துத் தவணையோ பாக்கி நிற்கிறது. பாவு வரத் தாமதமாகித் தறி நின்ற வீடாயின் கூலியும் இல்லை. கொண்டை சிவந்து, இன்னும் பத்து நாளில் முட்டையிடவேண்டிய பெட்டை சந்தைக்குப் போய்விடுகிறது. அதன் வயிற்றில் கோத்தாற்போல் வளர்ந்திருந்த கருக்கள் யார் வீட்டுக் குழம்பிலோ மிதக்கின்றன.

நாம் பார்த்த ஒரு சங்கத்தில், குஞ்சு வழங்கிய மறுமாதமே தவணை தொடங்கியிருந்தது. கறவைமாட்டுக் கடனுக்கு எழுதிய விதியை அப்படியே கோழிக்கும் படியெடுத்துவிட்டனர். கறவைமாடு வந்த அன்று மாலையே பால் தரும். ஒருநாட் குஞ்சு எதைத் தரும்? பயிர்க்கடனை அறுவடைக்குப் பின்னரே கேட்கின்ற நாம், கோழிக்கடனை மட்டும் நாற்றங்காலிலேயே கேட்பது எந்த முறையில் சேரும்?

ஆதலின் கோழிக்கடனுக்கு முதல் ஏழு மாதம் அசல் வசூலிக்கலாகாது. வட்டி மட்டும் போதும். அதன்பின் முட்டை விற்கும் வாரந்தோறும் சிறு தொகையாகப் பெறலாம். பாக்கி ஏறிவிடும் என்று காரியதரிசிகள் அஞ்சுகின்றனர். கோழியை விற்றுக் கட்டிய தவணை ஏட்டில் அழகாகத்தான் இருக்கும். ஆனால் அந்த வீட்டில் மறுகடனுக்கு மனு இருக்குமேயன்றிக் கோழி இராது.

அங்கத்தினர்களும் காத்திருக்கும் காலத்தைப் பயன்படுத்திக்கொள்ளவேண்டும். வெள்ளைக்கழிச்சலுக்கு முதல் வாரத்தில் சொட்டு மருந்தும் எட்டாம் வாரத்தில் இறக்கை ஊசியும் போடாதவர்களுக்கு, மேற்கூறிய கணக்கு எதுவும் பொருந்தாது. பருவம் நெருங்குவதை அறிவது எளிது. வெளிறிய கொண்டையும் தாடியும் சிவந்து தடிக்கும். முதுகில் கை வைத்தால் பெட்டை ஓடாமல் பதுங்கி அமரும். எச்சத் துவாரத்தின் இருபுறமும் உள்ள இடுப்பெலும்பு முனைகளுக்கிடையே இரண்டு விரல் நுழையுமாயின், முட்டை அண்மையில் உள்ளது.

சுண்ணாம்புச் சத்தைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். ஒரு முட்டை உருவாக ஒரு நாளுக்குச் சற்று மேலாகிறது. அதில் 20 மணி நேரமளவு ஓடு கட்டுவதிலேயே கழிகிறது. ஓர் ஓட்டுக்கு ஏறக்குறைய 2 கிராம் சுண்ணாம்புச் சத்து செலவாகிறது. இதைக் கேட்டவர்கள் அவசரப்பட்டு மூன்றாம் மாதத்திலேயே முட்டைக்கோழித் தீவனம் வாங்கிப் போடுகின்றனர். வளரும் குஞ்சின் சிறுநீரகத்தை அது கெடுத்துவிடும். கொண்டை சிவக்கத் தொடங்கியபின், இடித்த கிளிஞ்சலைத் தனிச் சட்டியில் வைத்தால் போதும். வேண்டிய அளவை அதுவே கொத்திக்கொள்ளும்.

முதல் முட்டைகள் சிறுத்திருக்கும். சில ஓடின்றித் தோலாகவும் வரும், சின்னாட்களில் சீர்ப்படும். இருண்ட மூலையில் பழங்கூடையில் வைக்கோலிட்டு இரண்டு வாரம் முன்னரே வைத்துவிடவேண்டும். வைக்காத வீட்டுப் பெட்டை அடுத்த வீட்டு வைக்கோற்போரில் இட்டுவிட்டு வரும். வீட்டாரோ இன்னும் முட்டையிடவில்லை என்று அதை விலை பேசிக்கொண்டிருப்பர்!

வரும் மகாசபையில் கோழிக்கடன் விதி விவாதத்துக்கு வருமாயின், பெண் அங்கத்தினர்கள் தவறாமல் வந்து பேசவேண்டுகிறோம். தீனி வைப்பதும், மாலையில் பஞ்சாரத்தைக் கவிழ்ப்பதும், எந்தப் பெட்டை எப்போது இடும் என்றறிவதும் அவர்களே. கடன் பத்திரத்தில் கையொப்பமிட்டவர் பெரும்பாலும் வேறொருவராயிருக்கிறார்.