ஊசிக்கு டாட்டாவா?

"கணைய செல் ஏத்திட்டா ஊசியே வேணாமாம்!" குடுமியான்மலை வரைக்கும் வந்துருச்சு இந்தப் பேச்சு. டைப் 1 காரங்க காதுல ஓதுற புண்ணியவான்களே, மிச்சத்தையும் சொல்லித் தொலைங்களேன்!

2000-ல கனடாவின் எட்மண்டன்ல 7 பேருக்கு, இறந்தவங்க கணையத்துலேர்ந்து எடுத்த ஐலெட் செல்லை ஏத்தினாங்க. ஏழு பேரும் ஊசியை விட்டாங்க. நெசம்தான். அதையே பல நாடுகள்ல 36 பேருக்குச் செஞ்சு 2006-ல கணக்கு சொன்னாங்களே? ஒரு வருஷத்துல ஊசியில்லாம இருந்தது 16 பேர். ரெண்டாம் வருஷம் அதுல மிஞ்சினது 5!

பழைய செல்லைக் கொன்னதே நம்ம உடம்புதான் சாமி. ஊசி போட ஆரம்பிக்கும் முன்னாடியே ரத்தத்துல தெரியுற இன்சுலின் ஆன்டிபாடி அந்தச் சண்டைக்கு அடையாளம். புதுச் செல்லை மட்டும் சும்மா விடுமா? எதிர்ப்பு சக்தியை அடக்குற மாத்திரையை விடாம முழுங்கணும். தொற்று வரும், கிட்னி கெடலாம். 2025-ல வந்த ஸ்டெம் செல் சோதனையில 12-ல 10 பேர் ஊசியை விட்டாங்க, சந்தோஷம். அங்கயும் அதே மாத்திரைதான்.

2023-ல அமெரிக்கா அனுமதிச்சதும், என்ன பண்ணாலும் சர்க்கரை அடிக்கடி அபாயமா இறங்குற பெரியவங்களுக்கு மட்டும். அவங்களுக்கு இது வரம், மறுக்கல.

உங்க பேச்சை நம்பி ஒருத்தன் இன்னைக்கே ஊசியை நிறுத்தினா கீட்டோன் ஏறி சில நாள்ல ஆள் காலி. அப்ப நீங்களா வந்து டிரிப்ஸ் போடுவீங்க?