வானத்துக்கு வரி இல்லை



சென்ற பங்குனியில் ஒரு நாள் சாயந்திரம் எங்கள் வீட்டில் பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்துவிட்டது. பாலை அடுப்பில் வைத்துவிட்டு, கொடியில் காய்ந்த துணியை எடுக்க மொட்டை மாடிக்குப் போயிருந்தேன். மேற்கே வானம் செக்கச்செவேலென்று இருந்தது. மகன் கழித்துப் போட்ட பழைய செல்போன் கையில் இருந்தது. ஒரு படம் எடுத்தேன். மனசு கேட்காமல் இன்னொன்று. கீழே வந்தால் ஒரே தீய்ந்த வாடை!

"வானத்தைப் போய் போட்டோ பிடிக்கிறியே, அது எங்கே ஓடிப்போகப் போகுது?" என்றார் என் வீட்டுக்காரர்.

"ஓடித்தாங்க போகுது. இப்போ மேலே போய்ப் பாருங்க, அந்தச் சிவப்பு இருக்காது" என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகு எனக்கே ஆச்சரியம்.

அடுப்பை எரியவிட்டுப் போனது என் தப்புதான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அப்போது எங்கள் வீட்டு நிலைமை அப்படி. தை மாதம் என் மாமியார் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. ஆபரேஷன் முடிந்து படுக்கையோடு இருந்தார். ராத்திரி, பகல் என்று பாராமல் அவரைத் தூக்கி உட்கார வைப்பது, துடைப்பது, மருந்து கொடுப்பது எல்லாம் நான்தான். செய்வதில் குறை வைக்கவில்லை. ஆனால் வாய் சும்மா இருக்காது. சிடுசிடுவென்று பேசிவிட்டு, பிறகு சமையலறையில் நின்று அழுவேன்.

அன்று இரவு அந்தப் படத்தை அத்தையிடம் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு உற்றுப் பார்த்தார். "ஓரத்துல கறுப்பா மேகம் கட்டியிருக்கே. நாளைக்கு வடாம் மாவு கிண்டாதே" என்றார். மறுநாள் இடியும் மழையுமாகக் கொட்டியது! எங்கள் வீட்டு மாடிக்குப் பதினெட்டுப் படி. அத்தையால் ஏற முடியாது. அன்று முதல் தினம் ஒரு வானம் அவர் கட்டிலுக்கு வந்தது.

கல்லூரியில் படிக்கும் என் மகள்தான் ஆல்ஃபிரட் ஸ்டீக்லிட்ஸ் என்ற அமெரிக்கரைப் பற்றிப் படித்துச் சொன்னாள். பிழைப்புக்காக அல்லாமல் ஆசைக்காகப் படம் எடுப்பதையே உயர்வாக நினைத்தவராம். 1922-ல், 58 வயதில், நியூயார்க் மாநிலத்தில் லேக் ஜார்ஜ் என்ற ஏரிக்கரையில் இருந்த குடும்ப வீட்டில் தங்கி, மேகங்களைப் படமெடுக்க ஆரம்பித்தார். அப்போது அவருடைய தாயார் மரணப் படுக்கையில். குடும்பச் சொத்தும் கரைந்துகொண்டிருந்தது. மேகம் எல்லோருக்கும் பொது, அதற்கு இன்னும் வரி போடவில்லை என்ற பொருளில் அவர் எழுதியிருக்கிறாராம். பத்து வருஷத்துக்கும் மேலாக இருநூறுக்கு மேற்பட்ட வானப் படங்கள் எடுத்தார். தன் மனசில் இருப்பதற்கு ஈடானவை அவை என்பது அவர் எண்ணம்.

அதைக் கேட்டதும் என் பால் கணக்கு நோட்டைப் புரட்டினேன். அதன் பின்பக்கத்தில் தேதி போட்டு, அன்றைய வானத்தைப் பற்றி ஒரு வரி எழுதி வருகிறேன். 'இன்று ஒன்றுமில்லை, வெறும் வானம்' என்று எழுதிய நாட்களெல்லாம் பெரும்பாலும் நான் அத்தையிடம் எரிந்து விழுந்த நாட்கள்! வானத்தில் ஒன்றுமில்லாமல் இல்லை, எனக்குத்தான் பார்க்கத் தெம்பில்லை. இப்போது அப்படி எழுதத் தோன்றினால், மகளைப் பாட்டி பக்கத்தில் உட்காரச் சொல்லிவிட்டு நான் ஒரு மணி நேரம் படுத்துவிடுகிறேன்.

நீங்களும் எடுத்துப் பார்ப்பதானால், நான் பட்டுத் தெரிந்துகொண்ட சில விஷயங்கள்:

முதலில் செல்போன் லென்ஸைப் புடவைத் தலைப்பால் துடையுங்கள். நம் கை எண்ணெய்ப் பிசுக்கு படத்தை மங்கலாக்கிவிடும். காலையும் மாலையும் சூரிய வெளிச்சம் காற்றில் அதிக தூரம் கடந்து வருவதால் நீலம் சிதறிப்போய்ச் சிவப்பு மிஞ்சுகிறது. ஆகவே அந்த நேரமே நல்லது. சூரியன் மறைந்ததும் இறங்கிவிடாமல் பத்து நிமிஷம் பொறுங்கள். நிறம் கூடினாலும் கூடும்.

என் முதல் பௌர்ணமிப் படத்தைப் பார்த்து "இட்லியா?" என்று கேட்டார் அத்தை. நிலாவின் மேல் விரலால் தொட்டு, வெளிச்சத்தைக் கீழே இறக்க வேண்டும். பௌர்ணமி நிலா சூரியன் மறையும் வேளையில் கிழக்கே எழும். வானத்தில் வெளிச்சம் மிச்சமிருக்கும்போதே எடுத்தால் தென்னை மரத்தோடு அழகாக விழும்.

சூரியனை நேராக உற்றுப் பார்க்காதீர்கள். இடி இடித்தால் மாடியில் நிற்காதீர்கள். அண்ணாந்தபடி பின்னால் நடக்கவே கூடாது. கைப்பிடிச் சுவர் இல்லாத மாடிக்குக் குழந்தையை அழைத்துப் போக வேண்டாம். வாசலிலிருந்தும் வானம் தெரியும்.

இப்போது அத்தை வாக்கர் பிடித்து வாசல்வரை வருகிறார். போன பௌர்ணமிக்கு நிலாவை நேரிலேயே பார்த்தார். "உன் போட்டோல இன்னும் நல்லா இருந்துச்சே" என்றார்.

அடுப்பை அணைத்துவிட்டு ஒரு பத்து நிமிஷம் மாடிக்குப் போய் வாருங்கள், சகோதரிகளே.