சொல் இல்லை என்பது யாருடைய அகராதியில்?

'தலாக்' அரபுச் சொல். 'டைவர்ஸ்' ஆங்கிலச் சொல். இந்தியில் இதற்கெனச் சொல்லே கிடையாது. ஆகவே பாரதப் பண்பாட்டில் மணமுறிவு என்னும் கருத்தே இருந்ததில்லை. இந்த வாதம் சமூக ஊடகங்களில் மீண்டும் மீண்டும் வலம் வருகிறது. படித்தவர்கள் பகிர்கிறார்கள், திருமண மேடைகளில் வாழ்த்துரையாகவே சொல்கிறார்கள். மொழியியலாளர்கள் பெரும்பாலும் சிரித்துவிட்டுக் கடந்து போகிறார்கள். இது சிரித்துக் கடக்க வேண்டிய செய்தியன்று என்பது என் கருத்து.

முதலில் தர்க்கத்தைப் பார்ப்போம். ஒரு சொல் கடனாக வந்தது என்பதால் அது சுட்டும் பொருளும் கடனாக வந்ததென்று ஆகாது. திருமணத்துக்கு இந்தியில் அன்றாடம் வழங்கும் 'ஷாதி' பாரசீகச் சொல். அப்படியானால் பாரசீகம் வந்து சேரும்வரை வடஇந்தியாவில் எவரும் மணம் புரியவில்லையா? நிலத்தைக் குறிக்கும் 'ஜமீன்' பாரசீகம். அறையைக் குறிக்கும் 'கம்ரா' போர்த்துக்கீசியம். 'இந்தி' என்ற பெயரே பாரசீகம் தந்தது. தமிழின் 'ஜன்னல்' போர்த்துக்கீசியத்திலிருந்து வந்தது. அதற்கு முன்பும் நம் வீடுகளில் காற்று நுழைந்துகொண்டுதான் இருந்தது. 'விவாகரத்து' என்னும் சொல்லில் முன்பாதி வடமொழி, பின்பாதி அரபு. ஆட்சியும் நீதிமன்றமும் எந்த மொழியில் நடந்தனவோ அந்த மொழியின் சொற்கள் வழக்காடும் துறையில் நிலைபெறும். மொழித்தொடர்பு குறித்த பாலபாடம் இது.

அடுத்தது, சொல்லே இல்லை என்னும் செய்தி. அதுவும் பொய். வடமொழியிலேயே தொடங்குவோம். அர்த்தசாஸ்திரத்தின் மூன்றாம் அதிகரணம் மணவுறவிலிருந்து விடுபடுவதை 'மோட்சம்' என்றே குறிக்கிறது. கணவன் மனைவி இருவருக்கும் ஒருவர்மீது ஒருவர் வெறுப்பு இருந்தால் விடுதலை உண்டு என்கிறது. உயர்ந்தவையென அது வகுத்த மணவகைகளுக்கு மட்டும் அந்த விடுதலையை மறுக்கிறது. ஒன்றை மறுக்க வேண்டுமானால் அந்த ஒன்று முன்பே இருந்தாக வேண்டும்.

இனி மக்கள் மொழிகளுக்கு வருவோம். குஜராத்தியில் மணமுறிவு 'சூட்டாசேடா': மணநாளில் முடிந்த ஆடை முனைகள் அவிழ்ந்துவிட்டன என்பது பொருள். மராத்தியில் 'காடிமோட்' என்றால் குச்சியை முறித்தல், 'சோட்சிட்டி' என்றால் விடுவிப்புச் சீட்டு. சத்தீஸ்கரில் 'சோட்-சுட்டி'. தெலுங்கின் 'விடாகுலு' என்ற சொல்லில் விடுதலும் இலையும் சேர்ந்திருக்கின்றன. மலையாளத்தின் 'ஒழிமுறி', உறவு ஒழிந்ததற்கு எழுதித்தரும் முறி. தமிழில் 'தீர்த்துவிடுதல்' உண்டு, 'அறுத்துக்கட்டுதல்' உண்டு. கள்ளர்களிடையே துரும்பு கொடுத்தல் என்பது மணத்தைத் தீர்த்தல் என்றும், துரும்பு வாங்குதல் என்பது அதை ஏற்றல் என்றும் 1909இல் வெளிவந்த எட்கர் தர்ஸ்டனின் தொகுப்பு பதிவு செய்திருக்கிறது. இந்தியிலும் 'தின்கா தோட்னா', அதாவது துரும்பை முறித்தல், உறவை அறுத்தலைக் குறிக்கும். வெவ்வேறு மொழிக் குடும்பங்களில் ஒரே துரும்பு. இல்லாத வழக்கத்துக்கு இத்தனை உருவகங்கள் முளைக்குமா?

'இவையெல்லாம் வட்டார வழக்குகள், கீழ்மட்டத்துப் பேச்சு. பண்பாட்டின் சொற்கள் அல்ல' என்று மறுமொழி வரும். வாதத்தின் உயிர்நிலை இங்கேதான் இருக்கிறது. 'நம் மொழியில் சொல் இல்லை' என்கிறவர் உழவரின், கைவினைஞரின், தலித்துகளின், பழங்குடியினரின் பேச்சை 'நம் மொழி' என்னும் கணக்கில் சேர்ப்பதே இல்லை. இந்து சட்டத் தொகுப்பு மசோதா மீதான விவாதத்திலும் இதே வாதம் எழுந்தது. மணவிலக்கு இந்துக்களுக்கு அந்நியமானது என்றவர்களுக்கு, சூத்திரர் எனப்படுவோரிடம் அது வழக்கத்தில் உண்டு, அவர்களே இந்துக்களில் மிகப் பெரும்பாலோர் என்று அம்பேத்கர் நினைவூட்டினார். 1955ஆம் ஆண்டின் இந்துத் திருமணச் சட்டம் நீதிமன்ற வழி மணவிலக்கை அளித்ததோடு நில்லாமல், 29(2)ஆம் பிரிவில், வழக்காற்றின்படி மணத்தைத் தீர்த்துக்கொள்ளும் உரிமையையும் காத்தது. இருந்திராத வழக்கத்தை எந்தச் சட்டமும் காப்பதில்லை.

ஆனால், சொற்கள் இருந்ததைக் காட்டுவதோடு நின்றால் பாதி உண்மையே கிடைக்கும். அச்சொற்களுக்கு நேர்ந்ததையும் பார்க்க வேண்டும். 'அறுத்துக்கட்டும் சாதி' என்பது தமிழில் வசையாகியது. பெண் ஒரு கட்டிலிருந்து விடுபட்டு இன்னொரு வாழ்வைத் தொடங்கலாம் என்பது தாழ்வின் அடையாளமாக்கப்பட்டது. விடுபட முடியாமை மேன்மையின் அடையாளமாக்கப்பட்டது. மேன்மை பேசிய குடும்பங்களிலும் உறவுகள் முறியாமல் இல்லை. வடமொழியின் 'பரித்யக்தா', தமிழின் 'வாழாவெட்டி' ஆகிய சொற்கள் எங்கிருந்து வந்தன? வாழாவெட்டிக்கு ஆண்பால் இணை இல்லை. 'தள்ளிவைத்தான்' என்ற வினைக்கு எழுவாய் கணவன், மனைவி செயப்படுபொருள். பிரிவுக்குச் சொல் இருந்தது. அவள் எழுவாயாக நிற்கும் சொல்தான் மறுக்கப்பட்டது.

வழக்காற்று மணமுறிவுகளைப் பொற்காலமாக்குவதும் என் நோக்கமன்று. பரியத்தைத் திருப்பிக் கொடுத்தால்தான் விடுதலை என்று பெண்வீட்டாரை நெருக்கிய பஞ்சாயத்துகளும் அவ்வழக்கின் பகுதியே. ஆயினும் 'தீர்த்துக்கொண்டாள்' என்று அங்கே சொல்ல முடிந்தது. அந்த வினைமுற்றின் மதிப்பு பெரிது.

இதை வெறும் அகராதிச் சண்டையாக எண்ண வேண்டாம். அடிபட்டுப் பிறந்தகம் திரும்பிய பெண்ணிடம் 'நம்ம பண்பாட்டில் அப்படியொரு சொல்லே இல்லையம்மா' என்று பெரியவர் ஒருவர் கூறும்போது, மொழியியல் என்ற பெயரில் ஒரு கதவு சாத்தப்படுகிறது. நம் துறையின் பெயரால் அது நடக்கும்போது மறுத்துரைக்கும் பொறுப்பும் நம்முடையதே.

மாணவ நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். 'இன்ன மொழியில் இன்ன பொருளுக்குச் சொல் இல்லை' என்று எவரேனும் சொன்னால், எந்த அகராதி, தொகுத்தவர் யார், யாருடைய பேச்சைக் கேட்டுத் தொகுத்தார் என்று கேளுங்கள். உங்கள் ஊரில், உங்கள் பாட்டிமார் பேச்சில், மண உறவு முடிவதைக் குறிக்கும் சொல் எதுவானாலும், எந்த மாவட்டம், எந்தச் சூழலில் சொல்லப்படுகிறது, எழுவாய் யார் என்னும் குறிப்புகளோடு எனக்கு எழுதுங்கள். வசையாக வழங்கும் சொற்களையும் விட்டுவிட வேண்டாம்.