நீர்மூழ்கிக் கப்பலும் நமது கடமையும்

1914-ஆம் வருஷம் செப்டம்பர் 22-ஆம் தேதி இரவு எம்டன் என்னும் ஜெர்மன் கப்பல் சென்னைத் துறைமுகத்தின்மீது குண்டு வீசி, எண்ணெய்த் தொட்டிகளைக் கொளுத்திவிட்டு மறைந்தது. அதை நம்மவர் இன்றும் பேசுகின்றனர். ஆனால் அதே தினம் காலையில் வடகடலில் நடந்த சம்பவம் அதனினும் பெரிது. யு-9 என்னும் சிறிய நீர்மூழ்கிக் கப்பல், ஒன்றரை மணி நேரத்திற்குள் மூன்று பிரிட்டிஷ் யுத்தக் கப்பல்களை மூழ்கடித்தது. 1,400 பேருக்கு மேல் மாண்டனர். கடலாதிக்கத்தின் கணக்கு அன்றே மாறிற்று.

இக்கருவி ஒரே நாளில் பிறந்ததன்று. 1775-இல் அமெரிக்கரான புஷ்னல், ஒரே மனிதன் கையால் சுழற்றி இயக்கும் 'ஆமை'யைச் செய்தார். அது எந்தக் கப்பலையும் மூழ்கடிக்கவில்லை. 1864-இல் ஹன்லி என்ற நீர்மூழ்கி பகைக் கப்பலை அழித்துத் தானும் மாலுமிகளோடு அழிந்தது. நீர்மேல் எண்ணெய் எஞ்சினாலும், நீருக்குள் மின்சாரத்தாலும் ஓடும் கப்பலை ஹாலண்ட் பல தோல்விகளுக்குப் பின் அமைத்தார். அமெரிக்கக் கடற்படை 1900-இல் அதை வாங்கிற்று. 1955-இல் நாட்டிலஸ் அணுசக்தியால் ஓடலாயிற்று. ஒருவர் விட்ட இடத்தில் மற்றொருவர் தொடர்ந்ததே இவ்வித்தையின் சரித்திரம்.

நமது தேசத்தில் நிகழ்ந்ததென்ன? 1967-இல் ஸோவியத் நாட்டிலிருந்து வாங்கிய கல்வரியே நமது முதல் நீர்மூழ்கி. 1981-இல் ஒரு ஜெர்மன் கம்பெனியோடு ஒப்பந்தமாயிற்று: இரண்டு கப்பல்களை அவர்கள் கட்டித் தருவது, இரண்டை நாமே பம்பாயில் கட்டுவது. நமது தொழிலாளர் அங்கே சென்று பயின்று வந்தனர். 1992-இல் ஷல்கியும், 1994-இல் ஷங்குலும் கடற்படையில் சேர்ந்தன. இதற்கிடையே 1987-இல் கமிஷன் புகார் கிளம்பிற்று. மேற்கொண்டு கட்ட உத்தேசித்த கப்பல்கள் கைவிடப்பட்டன. லஞ்சப் புகாரை விசாரிப்பது சர்க்காரின் கடமை. அதற்காகப் பட்டறையைப் பட்டினி போட்டது எந்த நியாயம்? 2017-இல் மற்றொரு கல்வரி சேரும் வரை, 23 வருஷ காலம், பம்பாயிலிருந்து ஒரு நீர்மூழ்கியும் வெளிவரவில்லை. கற்ற வித்தை கைவிட்டுப் போகவே, பிரெஞ்சுக்காரரிடம் மீண்டும் பாடம் கேட்க நேர்ந்தது.

தொடர்ந்து உழைத்த துறையின் பலனையும் பாருங்கள். கல்பாக்கத்தில் முன்மாதிரி அணு உலையை அமைத்துப் பழகினார்கள். 2009-இல் அரிஹந்த் விசாகப்பட்டினத்தில் நீரில் இறங்கிற்று. 2024-இல் அரிகாத் கடற்படையில் சேர்ந்தது. நீருக்குள் இருக்கும் கப்பல்களுக்குச் செய்தி அனுப்பும் நிலையம், கட்டபொம்மன் பெயரோடு, நெல்லைச் சீமை விஜயநாராயணத்தில் 1990-இல் ஏற்பட்டது.

ஆயினும் பழைய பிழை திரும்பும் அறிகுறி தென்படுகிறது. 2025 ஜனவரியில் பிரெஞ்சு மாதிரிக் கப்பல்களில் ஆறாவதும் கடைசியுமான வாக்ஷீர் கடற்படையில் சேர்ந்தபோது, அடுத்த வரிசைக்கான ஒப்பந்தம் கையெழுத்தாகியிருக்கவில்லை.

கடல் விஷயம் கரையோரத்தாருக்கு மட்டும் உரியதன்று. கொல்லிமலை வாசலூர்பட்டியில் மிளகு பயிரிடும் குடியானவர் கடலையே கண்டிராதவராக இருக்கலாம். அவர் கடையில் வாங்கும் ஒவ்வொரு பொருளின்மீதும் செலுத்தும் வரி அக்கப்பல்களில் சேர்ந்திருக்கிறது. ஒரே பாடத்திற்கு இருமுறை சம்பளம் கட்டியவர் அவர். மூன்றாம் முறையும் அவரிடம் கேட்பது தகாது. ஒரு வரிசை முடியுமுன் அடுத்ததைத் தொடங்குவதென்ற விதியைச் சர்க்கார் ஏற்க வேண்டும். நமது பார்லிமெண்டு அங்கத்தினர் இதை வற்புறுத்துவார்களாக.